ஒரு நிமிஷம் கூட தாங்கலன்னு கேட்ட தம்பிக்கு

ஜூன் 4, கேள்வி

கல்யாணமாகி 14 மாசம் ஆகுது, வயசு 29. உறவுல உள்ள போன உடனே விந்து வந்து முடிஞ்சிடுது, சில நாள் போறதுக்கு முன்னாடியே. சின்ன வயசு கைப்பழக்கத்தால நரம்பு தளர்ந்து போச்சுன்னு சொல்றாங்க, எனக்கும் இப்பல்லாம் கை லேசா நடுங்குது, அதனால அது உண்மைதானோன்னு பயமா இருக்கு. மனைவி ஒன்னும் சொல்ல மாட்டேங்குறா, திரும்பிப் படுத்துக்குறா. இது சரியாகுமா? யாராவது உண்மைய சொல்லுங்க.

ஜூன் 4, இரவு 11.20

முதல்ல அந்த நரம்புத் தளர்ச்சிங்கிற வார்த்தைய தூக்கிப் போடுங்க தம்பி. எனக்கு 37 வயசு, கல்யாணமாகி 9 வருஷம், அதுல முதல் 5 வருஷம் நீங்க எழுதியிருக்குறதேதான் என் வாழ்க்கை. கைப்பழக்கத்தால நரம்பு தளராது, விந்து தீர்ந்தும் போகாது, உடம்பு அதை தினமும் உண்டாக்கிட்டே இருக்கு. அந்த பயத்தை விக்கிறவங்ககிட்ட நானும் மாட்டியிருக்கேன், ஒரு லேகியம், ஒரு எண்ணெய், ஒரு கேப்ஸ்யூல்னு ரெண்டு வருஷம் போச்சு, ஒரு செகண்டு கூட கூடல.

விந்து வர்றது தும்மல் மாதிரி ஒரு அனிச்சைச் செயல். மூக்குல குறுகுறுன்னு ஆரம்பிக்கும்போது மூக்கைப் பிடிச்சா தும்மல நிறுத்திடலாம், ஒரு கட்டம் தாண்டிட்டா யாராலயும் முடியாது. இதுவும் அப்படித்தான். அந்த கட்டம் எவ்வளவு சீக்கிரம் வருதுங்குறது ஆளுக்கு ஆள் வேற. மூளையில செரோட்டோனின்னு ஒரு ரசாயனம் இருக்கு, அதுதான் இதுக்கு பிரேக் போடுது, சிலருக்கு பிறவியிலயே அந்த பிரேக் கொஞ்சம் லேசா இருக்கும்னு சொல்றாங்க. அதுல உங்க தப்பு எதுவும் இல்ல.

கை நடுங்குறது டென்ஷன்ல இருக்கும், எனக்கும் இருந்துச்சு. நாளைக்கு விரிவா எழுதுறேன்.

ஜூன் 5, காலை 6.50

ஒரு கேள்வி. நேரம் பாத்திருக்கீங்களா? நிஜமா கடிகாரம் வச்சு?

ஏன்னா நான் 5 வருஷமா எனக்கு 10 செகண்டுதான்னு நம்பிட்டு இருந்தேன். ஒரு தடவை என் மனைவி ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்தா 50 செகண்டு. இன்னொரு நாள் 55. ஒரு நாள் 40. அதுவும் கம்மிதான், நான் ஒத்துக்குறேன், ஆனா 10 இல்ல. பயத்துல இருக்கும்போது நேரம் சுருங்கிடுது.

டாக்டருங்க இதை எப்படி பாக்குறாங்கன்னா, முதல் உறவுல இருந்தே எப்பவும் அல்லது அனேகமா எப்பவும் சுமார் 1 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடுதுன்னா அது ஆரம்பத்துல இருந்தே இருக்குற வகை. முன்னாடி நல்லா இருந்து, பின்னாடி சுமார் 3 நிமிஷமோ அதுக்கும் கம்மியாவோ ஆயிடுச்சுன்னா அது நடுவுல வந்த வகை. இது 2014ல சர்வதேச பாலியல் மருத்துவ சங்கம் சொன்ன வரையறை. நேரம் மட்டும் பத்தாது, அடக்க முடியலைங்குறதும் இருக்கணும், அதனால மனசு கஷ்டப்படுறதும் இருக்கணும், மூணும் சேர்ந்தாதான் பிரச்சனைன்னே சொல்லுவாங்க.

2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, 5 நாடுகள்ல 500 ஜோடிங்க, 4 வாரம், பொண்டாட்டி கையில ஸ்டாப்வாட்ச். நடு அளவு 5.4 நிமிஷம். சிலருக்கு அரை நிமிஷம், ஒருத்தருக்கு 44 நிமிஷம். வீடியோல பாக்குற அரை மணி நேரத்தை வச்சு உங்களை எடை போடாதீங்க, அது வெட்டி ஒட்டினது.

ஜூன் 5, மதியம்

ஒருத்தர் கேக்குறார், அப்ப எனக்கு 4 நிமிஷம், நான் 1.4 நிமிஷம் குறைவா, மாத்திரை சாப்பிடணுமான்னு. ஐயோ வேணாங்க. நடு அளவுன்னா பாதிப் பேர் அதுக்குக் கீழதான் இருப்பாங்க, அது பாஸ் மார்க் கிடையாது. நான் தெளிவா எழுதியிருக்கணும். 4 நிமிஷம் இருந்து ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தா எந்த டாக்டரும் உங்களுக்கு வைத்தியம் பாக்க மாட்டார்.

ஜூன் 7, இரவு

எனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

எனக்கு முதல்ல கிடைச்ச அறிவுரை, மனசை வேற எங்கயாவது கொண்டு போ, அப்ப லேட்டாகும். அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். 17ஆம் வாய்ப்பாடு. ஓர் பதினேழு பதினேழு, ஈர் பதினேழு முப்பத்திநாலுன்னு மனசுக்குள்ள ஓட்டுவேன், பல்லைக் கடிச்சுக்குவேன், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன், கண்ணு சுவத்துல ஒரு ஆணி இருக்கும் அது மேல. 85 தாண்டினதே இல்ல. திடீர்னு எங்கிருந்தோ வந்து மோதின மாதிரி முடிஞ்சிடும், எனக்கே எப்ப வந்துச்சுன்னு தெரியாது.

ஒரு நாள் அவ என் கன்னத்தைப் பிடிச்சு திருப்பி "எங்க இருக்கீங்க நீங்க?"ன்னு கேட்டா. கோவமா இல்ல, நிஜமா தெரியாமதான் கேட்டா. அவளைப் பிடிக்காம, அவளைப் பாக்கப் பிடிக்காமதான் நான் சுவத்தைப் பாக்குறேன்னு அவ அஞ்சு வருஷமா நினைச்சுட்டு இருந்திருக்கா. அன்னைக்குத்தான் வாய்ப்பாட்டை சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நான் உங்க உடம்புல எங்கயுமே இல்லையா"ன்னா.

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. தும்மல் வர்றதே தெரியாதவன் மூக்கை எப்ப பிடிப்பான்? கவனத்தை வேற பக்கம் திருப்பித் திருப்பி, முடியுற இடத்தை 10ன்னு வச்சா உணர்ச்சி 5, 6, 7ன்னு ஏறுறது எதுவுமே எனக்குத் தெரியாமப் போச்சு, நேரா 10தான் தெரிஞ்சது. நான் செஞ்சிருக்க வேண்டியது நேர் எதிரான வேலை, இன்னும் கிட்டப் போய் கவனிக்குறது.

ஜூன் 8

மரத்துப்போற ஸ்ப்ரே பத்தி மூணு பேர் கேட்டுட்டீங்க.

வேலை செய்யும், அதை நான் மறுக்கல. லிடோகெய்ன், பிரிலோகெய்ன்னு மரத்துப்போக வைக்கிற மருந்து, பல் டாக்டர் ஊசியில வர்ற அதே குடும்பம். க்ரீம்னா 10-20 நிமிஷம் முன்னாடி கொஞ்சமா தடவி, அப்புறம் நல்லா துடைச்சு கழுவிடணும், இல்லன்னா மேல காண்டம் போடணும். நான் அந்த கழுவுற பகுதியைப் படிக்கல. அளவும் மூணு மடங்கு. எனக்கு ஒன்னுமே தெரியல, எழுச்சியும் போயிடுச்சு, அவளுக்கும் மரத்துப் போச்சு. விளக்கைப் போட்டு உக்காந்து, நாக்குல மிளகாய் பட்ட குழந்தை மாதிரி முழிச்சுட்டு இருந்தா, பாவம். எரிச்சல் அடங்க அடுத்த நாள் ஆச்சு. அவகிட்ட சொல்லாமத் தடவினதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு, அதுக்கு மன்னிப்பு கேட்டேன்.

ஒழுங்கா உபயோகிச்சா நிறைய பேருக்கு உதவுது, டாக்டருங்களே எழுதித் தர்றாங்க. குறைஞ்ச அளவுல ஆரம்பிங்க, துணைகிட்ட சொல்லிட்டு செய்ங்க.

ஜூன் 8, கொஞ்சம் கழிச்சு

காண்டம்? சிலருக்கு உணர்ச்சி குறைஞ்சு கொஞ்சம் நீளுது. எனக்கு பெரிய வித்தியாசம் இல்ல. போட்டுப் பாருங்க, நஷ்டம் இல்ல.

ஜூன் 11, இரவு 10.15

இதுதான் எனக்கு வேலை செஞ்சது, அதனால நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

நிறுத்தி நிறுத்தி செய்யுற பயிற்சி. 1956ல ஜேம்ஸ் சீமன்ஸ்னு ஒரு டாக்டர் சொன்னது. அதுக்கு அப்புறம் மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு பாலியல் ஆராய்ச்சியாளர்கள் 1970ல இன்னொன்னைப் பிரபலமாக்கினாங்க, வரப்போற நேரத்துல ஆணுறுப்பு முனைக்குக் கீழ கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்குறது. நாங்க அழுத்துற முறைய ரெண்டு தடவை செஞ்சோம், எங்களுக்கு ஒத்து வரல, வலிச்சுது. நிறுத்துற முறையிலயே இருந்துட்டோம்.

முதல்ல தனியா. 0ல இருந்து 10 வரைக்கும் மனசுக்குள்ள ஒரு அளவு, 10ங்குறது முடிஞ்சது, 9ங்குறது திரும்ப முடியாத இடம். 7 வந்ததும் கையை எடுத்துடணும். எடுத்துட்டு அப்படியே இருக்கணும், மூச்சை வயித்துல இருந்து வெளிய விடணும், 3, 4க்கு இறங்கினதும் மறுபடி. இப்படி மூணு தடவை, நாலாவது தடவை விட்டுடலாம். முதல் வாரம் எனக்கு 7 எங்க இருக்குன்னே தெரியல, 4ன்னு நினைச்சப்பவே 9 ஆயிடும். இதுல மனசு உடைஞ்சு போகாதீங்க, தேட வேண்டியதே அதைத்தான். ரெண்டாவது வாரத்துல அடி வயித்துல ஒரு இறுக்கம், தொடை உள்பக்கம் விறைக்குறது, மூச்சு மேல ஏறுறதுன்னு ஒவ்வொன்னா தெரிய ஆரம்பிச்சுது. எனக்கு 6ன்னா இடது கால் விரல் மடங்குதுங்க! 37 வருஷமா என்கூடவே இருக்குற கால், இதை நான் கவனிச்சதே இல்ல.

அப்புறம் அவ கையால. நான் "இரு"ன்னு சொன்னா அவ நிறுத்தணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். முதல்ல வறண்ட கை, சில நாள் கழிச்சு வழுவழுப்பு ஜெல்லோட, ஏன்னா உள்ள இருக்குற உணர்வுக்கு அதுதான் கிட்ட வரும். அப்புறம்தான் உள்ள, அசையாம, அவ மேல இருந்து, சும்மா அப்படியே. அந்த அசையாத ரெண்டு நிமிஷத்துலதான் நாங்க கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா உறவுக்கு நடுவுல பேசிக்கிட்டோம், என்ன பேசினோம்னு கேட்டா மறுநாள் துணி துவைக்குறதைப் பத்தி, ஆனா பேசினோம், நான் சுவத்தைப் பாக்கல. கடைசியா மெதுவா அசைவு.

நடுவுல பல நாள் தவறிப் போச்சு. அந்த 3 மாசமும் உறவு வச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம், அதனாலதான் தாக்குப் பிடிச்சோம்.

ஜூன் 12

இதுல ஒரு திருத்தம் இருக்கு. நான் வேற ஒருத்தருக்கு பதில் சொல்லும்போது இடுப்புத் தசைய இறுக்கினா நின்னுடும்னு எழுதினேன். அது பாதி தப்பு.

இடுப்புக் கூட்டுக்கு அடியில இருக்குற தசை, மூத்திரத்தை நடுவுல நிறுத்தும்போது இறுகுமே அது. அந்தப் பயிற்சி பயன் தருதுன்னு ஆய்வே இருக்கு, 2014ல வந்தது, 40 ஆம்பளைங்க, 12 வாரம், நிபுணர் மேற்பார்வையில, 33 பேருக்கு கட்டுப்பாடு கிடைச்சுது, சராசரி 40 செகண்டுல இருந்து சுமார் இரண்டரை நிமிஷத்துக்கு போச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா நம்பிக்கை தருது.

தப்பு எங்கன்னா, 8ல இருக்கும்போது இறுக்கினா எனக்கு உடனே 10. விந்தை வெளிய தள்ளுறதே அந்தப் பகுதி தசைங்கதான், அவசரத்துல இறுக்குறதே சிலருக்கு அதைத் தட்டி விட்ட மாதிரி ஆயிடும். எனக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னது, இறுக்கத் தெரியுறது பாதி, தளர்த்தத் தெரியுறது மீதிப் பாதி. மூத்திரம் ஆரம்பிக்குற அந்த நொடியில கீழ ஒரு தளர்வு வருது பாருங்க, அதுதான். தினமும் 5 செகண்டு இறுக்கி 10 செகண்டு விடுறது, உறவுல விடுறது மட்டும். பயிற்சிய மூத்திரம் போகும்போது செய்யாதீங்க, எந்த தசைன்னு கண்டுபிடிக்க ஒரு தடவை பாத்தா போதும்.

ஜூன் 15, இரவு

மாத்திரை. நிறைய பேர் தனியா கேட்டுட்டாங்க, இங்கயே சொல்லிடுறேன்.

டேபாக்செட்டின்னு ஒன்னு, இதுக்குன்னே வந்த மருந்து, உறவுக்கு 1-3 மணி நேரம் முன்னாடி, 24 மணி நேரத்துல ஒன்னுதான், பொதுவா 30 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. டாக்டர் சீட்டு இல்லாம வேணாம்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் ரெண்டாவது தடவை சாப்பிட்டப்ப படுக்கையில இருந்து சட்டுன்னு எந்திரிச்சேன், கண்ணு இருட்டிடுச்சு, கதவுப் பிடியைப் பிடிச்சு உக்காந்துட்டேன். பிரஷர் இறங்கும், சிலர் மயங்கி விழுவாங்க. ஒரு முழு டம்ளர் தண்ணியோட சாப்பிடணும், மெதுவா எந்திரிக்கணும், அன்னைக்கு மது கூடவே கூடாது. இதய நோய் இருக்குறவங்க, மன அழுத்த மாத்திரையோ ட்ராமடால் மாதிரி வலி மாத்திரையோ சாப்பிடுறவங்க தொடவே கூடாது.

இன்னொரு வகை, பராக்செட்டின், செர்ட்ராலின் மாதிரி, மன அழுத்தத்துக்கு குடுக்குறது. விந்து தாமதமாகுறது அதோட பக்க விளைவு, அதையே இங்க மருந்தா உபயோகிக்குறாங்க. தினமும் சாப்பிடணும், பலன் தெரிய ஒன்னு ரெண்டு வாரம் ஆகும், தூக்கம், குமட்டல், ஆசை குறையுறது இதெல்லாம் வரலாம், பட்டுன்னு நிறுத்தக் கூடாது, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க டாக்டர்கிட்ட அதை சொல்லியே ஆகணும்.

நான் டேபாக்செட்டினை 4 மாசம் பயிற்சியோட சேர்த்து சாப்பிட்டேன். 7ஐ கண்டுபிடிக்க அது எனக்கு நேரம் வாங்கிக் குடுத்துச்சு. இப்ப மாத்திரை இல்லாம மூணு, நாலு நிமிஷம் இருக்கும்னு நினைக்குறேன், அளந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சில நாள் இன்னமும் சீக்கிரம் முடிஞ்சிடும். அப்ப திரும்பிப் படுக்க மாட்டேன், கையும் வாயும் இருக்கு. பொம்பளைங்கள்ல பல பேருக்கு வெறும் உள்ள போய் வர்றதால மட்டும் உச்சம் வர்றதில்ல, அதை நான் கல்யாணமாகி 6 வருஷம் கழிச்சு என் மனைவி வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல, அது இன்னைக்கும் எனக்கு வருத்தம்.

ஜூன் 16

அவகிட்ட இதெல்லாம் எழுதுறேன்னு சொன்னேன். படிச்சுட்டு ஒன்னு சேக்கச் சொன்னா, அப்படியே போடுறேன்: "முடிஞ்ச உடனே 'சாரி'ன்னு சொல்லாதீங்கன்னு எழுதுங்க. அந்த சாரிக்கு நாங்க என்ன பதில் சொல்றதுன்னே தெரியாமதான் திரும்பிப் படுத்துக்குறோம்."

ஜூன் 19, மாலை

கேள்வி கேட்ட தம்பி இன்னைக்கு திரும்பி வந்து எழுதியிருக்கார், பயிற்சி ஆரம்பிச்சேன் அண்ணா, ஆனா முதல் 9, 10 மாசம் எனக்கு இந்த பிரச்சனையே இல்ல, இப்ப 4 மாசமாத்தான்னு. கூடவே போற போக்குல, நல்லா சாப்பிட்டும் 6 கிலோ குறைஞ்சுட்டேன், கல்யாண மோதிரம் கழண்டு விழுதுன்னு.

நான் இதைப் படிச்சதும் உங்க முதல் கேள்விய மறுபடி போய் படிச்சேன். கை நடுங்குதுன்னு நீங்க அன்னைக்கே எழுதியிருக்கீங்க. நான் டென்ஷன்னு ஒரே வரியில தள்ளி விட்டுட்டேன். என் கதையும் உங்க கதையும் ஒன்னுன்னு நானா முடிவு பண்ணிட்டேன் தம்பி, மன்னிச்சுக்குங்க. எப்ப இருந்துன்னு முதல்ல கேட்டிருக்கணும், டாக்டர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

நடுவுல வர்றதுக்கு தனி காரணங்கள் இருக்கு. மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற புராஸ்டேட் சுரப்பியில அழற்சி, எழுச்சி நிக்காதுங்குற பயத்துல அவசரப்படுறது, மனசுல புதுசா ஏதாவது பாரம், தைராய்டு அதிகமா சுரக்குறது. கை நடுக்கம், சாப்பிட்டும் எடை குறையுறது, படபடப்பு, வேர்வை, இதெல்லாம் அந்த தைராய்டோட அடையாளம். 2005ல ஒரு ஆய்வு, தைராய்டு அதிகமா இருந்த 34 ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு விந்து முந்துற பிரச்சனை இருந்துச்சு, தைராய்டுக்கு வைத்தியம் பாத்த பிறகு அது 15 சதவீதமா இறங்கிடுச்சு. அவங்களுக்கு தைராய்டை சரி பண்ணினதே இதுக்கும் மருந்தாச்சு.

நாளைக்கே போய் டிஎஸ்ஹெச் (தைராய்டை சுரக்கச் சொல்ற ஹார்மோன்), கூடவே டி4 (தைராய்டு சுரக்குற ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. நெஞ்சு படபடக்குதா, தூங்கும்போது வேர்க்குதா? டேபாக்செட்டின் இப்ப வேணாம், வாங்கியிருந்தாலும் சாப்பிடாதீங்க.

ஜூன் 24

தம்பி ரிப்போர்ட் போட்டிருக்கார். டிஎஸ்ஹெச் ரொம்பக் கீழ, டி4 மேல, அதாவது தைராய்டு அதிகமாத்தான் சுரக்குது. டாக்டர் மாத்திரை எழுதியிருக்காராம், 6 வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணுமாம்.

இன்னைக்கு காலையில இருந்து எனக்கு வேற எந்த வேலையும் ஓடல. நீங்க கேட்டிருக்குற ஒரே கேள்விக்கு பதில்: நிறுத்திப் பழகுற பயிற்சிய விட வேண்டாம், அதனால கெடுதல் இல்ல, ஆனா இப்ப அதுல பலன் வரலன்னா அதை வச்சு உங்களை எதுவும் நினைச்சுக்காதீங்க, தைராய்டு இறங்குற வரைக்கும் உங்க 7 ஓடிக்கிட்டேதான் இருக்கும். ரிப்போர்ட்டை உங்க மனைவிகிட்ட இன்னைக்கு ராத்திரியே காட்டுங்க, காகிதத்தையே கையில குடுங்க. 4 மாசமா அவங்க மனசுல என்ன காரணம் ஓடிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

6 வாரம் கழிச்சு டி4 என்ன வந்துச்சுன்னு இங்க எழுதுங்க.